எந்த வரிசையில் நிற்பது, மாமா?

கொழும்பு வெள்ளவத்தையில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கனடாவிலிருந்து வந்த ஒரு மாமா தவறாமல் இருப்பார். "ஏன் இந்தப் பிள்ளைகள் ஏஜென்டிடம் காசைக் கொட்டிக் கள்ளமாக வெளிநாடு போகிறார்கள்? முறைப்படி விண்ணப்பித்து, வரிசையில் நின்று வரலாமே" என்று வடையைக் கடித்தபடி உபதேசம் செய்வார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எந்த வரிசை, மாமா? அதன் வால் எங்கே இருக்கிறது?

கனடாக் குடிமகனான தம்பி இங்கிருக்கும் அக்காவைக் கூப்பிடலாமா? சாதாரணமாக முடியாது. அம்மா அப்பாவை? அதற்குக் குலுக்கல். 2020-இல் விருப்பப் படிவம் போட்டவர்களிலிருந்துதான் 2024-இலும் 2025-இலும் பெயர் எடுத்தார்கள். அன்று போடாதவருக்குக் கடைசி இடம்கூட இல்லை. அமெரிக்காவில் உடன்பிறந்தவர்களுக்கு வரிசை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 15 ஆண்டுகளுக்கு மேல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்! லண்டனில் இருக்கும் பெண் கணவனை அழைக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 29,000 பவுண் வருமானம் காட்ட வேண்டும். 2024 ஏப்ரல் வரை அது 18,600. கடைக் கல்லாவில் முழுநேரம் நிற்பவளின் அடிப்படைச் சம்பளம் அதற்கு எட்டாது.

குடியேறுவதை விடுங்கள். எங்கள் மேல்மாடி அன்ரி, வெளிநாட்டிலுள்ள மகளின் பிரசவத்துக்குத் துணையாக இருந்துவிட்டு வரத்தான் விசா கேட்டார். வங்கிக் கணக்கு விபரம், வீட்டு உறுதி, ஓய்வூதியக் கடிதம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் முத்திரை குத்திய பிறப்புச் சான்றிதழ் என்று ஒரு கோப்பே கொடுத்தார். வந்த பதில் என்ன தெரியுமா? உங்களுக்கு இங்கே குடும்ப உறவு இருப்பதால் நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று நம்ப முடியவில்லையாம். மகள் இல்லாத நாட்டுக்கா பேறு பார்க்கப் போவார்? கட்டிய காசும் திரும்பவில்லை.

மாமாவிடம் எனக்குப் பொறுக்க முடியாதது அவருடைய மறதி. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஓடியவர்களில் எத்தனை பேர் விசா குத்திக்கொண்டு ஓடினார்கள்? 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். வரிசையை மீறி வந்தவர்கள் என்று அன்றும் அங்கே கூச்சல் எழுந்தது. ஆனாலும் தங்க விட்டார்கள். விட்டது நியாயம். அதே கூச்சலை இன்று நம்மவர் வாயிலிருந்து கேட்பதுதான் தாங்கவில்லை. "அது போர், இது வெறும் பணக்கஷ்டம்" என்பார். 2022-இல் பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாங்கள் நின்றபோது அவர் எங்கே நின்றார்?

ஏஜென்டுகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2022 நவம்பரில் 303 இலங்கையரை ஏற்றிய படகு நடுக்கடலில் பழுதாகி, ஜப்பானியக் கப்பல் ஒன்று அவர்களை மீட்டு வியட்நாமில் இறக்கியது. அதற்குக் காசு வாங்கியவன் படுபாவிதான். ஆனால் மாமா, அந்தப் படகில் இருந்த ஒருவருக்காவது நிரப்பத் தகுந்த படிவம் எது என்று முதலில் சொல்லுங்கள். பிறகு உபதேசத்தைத் தொடரலாம்.