துப்பாக்கி புதுசு, கை பழசு
அமெரிக்க ராணுவம் பெரெட்டா எம்9 கைத்துப்பாக்கியைக் கைவிட்டு எம்17 என்ற புதுக் கைத்துப்பாக்கிக்கு மாறியதை, நான் படித்த ஒரு கட்டுரை முழு மனதோடு வரவேற்கிறது. எனக்குப் பாதி உடன்பாடுதான்.

எம்9-இல் முதல் குண்டுக்கு விசையை நீளமாக, பலமாக இழுக்க வேண்டும். அடுத்தடுத்த குண்டுகளுக்கு லேசாக இழுத்தால் போதும். பழகாத கைக்கு முதல் குண்டு எங்கேயோ போய்விடும். எம்17-இல் எல்லாக் குண்டுக்கும் ஒரே இழுப்பு. சிறிய கை உள்ளவர்களுக்கு ஏற்ப பிடியையும் மாற்றலாம். இவை உண்மையான முன்னேற்றம், மறுக்கவில்லை.

ஆனால் தோட்டா இரண்டிலும் அதே 9 மி.மீ. தான். 1985-இல் வந்த துப்பாக்கியை 2017-இல் மாற்றினார்கள். அந்த 32 ஆண்டுகளில் சாதாரணச் சிப்பாய்க்குக் கைத்துப்பாக்கிப் பயிற்சி எவ்வளவு கிடைத்தது? ரைஃபிளுக்குத்தான் நேரமும் தோட்டாவும். கைத்துப்பாக்கிக்குத் தகுதித் தேர்வில் தேறினால் போதும் என்ற நிலை. கட்டுரை இதை ஒரு வரிகூடத் தொடவில்லை, அதுதான் என் வருத்தம்.

ரைஃபிளைத் தோளில் அண்டக் கொடுக்கலாம். கைத்துப்பாக்கிக்கு அந்த ஆதாரம் கிடையாது, குழலும் குட்டை. விசையை இழுக்கும்போது மணிக்கட்டு ஒரு நூல் அசைந்தாலும் குறி தப்பும். இதைச் சரிசெய்யத் தோட்டாகூட வேண்டாம்! துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தினமும் பத்து நிமிடம் வெறும் விசையை இழுத்துப் பழகலாம். உறையிலிருந்து எடுப்பது, மகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) மாற்றுவது, சிக்கிய தோட்டாவை நீக்குவது எல்லாம் அப்படியே பழகக்கூடியவை.

புதுத் துப்பாக்கி வாங்கட்டும். அதே ஒப்பந்தத்திலேயே பயிற்சித் தோட்டாவுக்கும் பயிற்றுநர்களின் நேரத்துக்கும் பணம் ஒதுக்கட்டும்.