மாளிகைக்கு டிக்கெட், பாதைக்கு இல்லை

இங்கிலாந்து போய் வந்தோம் என்றதும் எல்லாரும் கேட்பது லண்டன் படங்களைத்தான். லண்டனில் நாங்கள் ரயில் மாறியதோடு சரி. லீவு முழுக்க வடமேற்கே லேக் டிஸ்ட்ரிக்டில், கெஸிக் என்ற சின்ன ஊரில் தங்கி நடந்தோம். "ரெண்டு பேரும் காசு கொடுத்துப் போய் மழையிலயா நடந்தீங்க?" என்று அண்ணி சிரிக்கிறார். மழைதான், மறுக்கவில்லை. நம் சிங்கப்பூர் மழை கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கத்து மழை நாள் பூராவும் சிணுங்கும். ஜாக்கெட் வாங்குவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இங்கிலாந்தின் உயரமான சிகரமான ஸ்கேஃபெல் பைக்கே 978 மீட்டர்தான். நாங்கள் ஏறியது 451 மீட்டர் கேட்பெல்ஸ். 164 மீட்டர் புக்கிட் தீமாவில் பழகிய முழங்காலுக்கு அதுவே ஜாஸ்தி. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறையைக் கையால் பற்றித்தான் ஏற வேண்டும். மேலே போனால் டெர்வென்ட்வாட்டர் ஏரி, அதன் தீவுகளோடு முழுசாகத் தெரிகிறது.

அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு. எனக்குப் பிடித்துப்போனது அங்குள்ள பாதைகள். தனியார் பண்ணைக்குள்ளேயே பொதுப்பாதை போகிறது. கேட்டைத் திறந்து, மறக்காமல் திரும்பச் சாத்திவிட்டு, ஹெர்ட்விக் ஆடுகள் முறைப்பதைக் கண்டுகொள்ளாமல் அடுத்தவர் நிலத்தில் நடக்கலாம். யாரும் தடுக்க முடியாது, சட்டப்படி உரிமை. அது சும்மா கிடைக்கவில்லை. கெஸிக்கை ஒட்டிய லாட்ரிக் குன்றுக்குப் போகும் பாதையை நிலக்காரர்கள் அடைத்தபோது, 1887இல் சுமார் 2,000 பேர் திரண்டு தடுப்பைத் தாண்டி ஏறினார்கள். 1932இல் இங்கிலாந்தின் இன்னொரு மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்டில், கிண்டர் ஸ்கௌட் மலையில் இப்படி நுழைந்த போராட்டத்தில் ஐந்து பேர் சிறைக்கே போனார்கள்.

என் தாத்தா ஜொகூரில் ரப்பர் மரம் சீவியவர். துரை பங்களா மேட்டுப்பக்கம் வேலையில்லாமல் யாரும் போகக்கூடாதாம், அம்மா சொல்வார். அதனாலோ என்னவோ, விண்டர்மியர் ஏரிக்கரை மாளிகைகளைப் பார்த்து எனக்கு வாய் பிளக்கவில்லை. ஸ்டோர்ஸ் ஹால் இப்போது ஹோட்டல். அதைப் பெரிதாக்கிக் கட்டிய ஜான் போல்ட்டன் லிவர்பூல் அடிமை வியாபாரி. ரே காஸில் என்ற 'கோட்டை' 1840களில் கட்டிய வீடு, அவ்வளவுதான். "சினிமா செட்டு மாதிரி இருக்கே" என்றார் என் வீட்டுக்காரர். தன் பராமரிப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை முறையோடும் தொடர்புண்டு என்று, பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2020இல் அறிக்கையே வெளியிட்டது. அதற்கு அங்கே பலருக்குக் கோபம். எனக்கோ அந்த அமைப்பின் மேல் மரியாதை கூடியது. மாளிகைகளைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒன்று போதும். மிச்ச நேரம் வெளியே நடங்கள்.

ஜோடியாகப் போக நினைப்பவர்களுக்கு: பத்து நாளில் ஏழு நாடு காட்டும் பஸ் டூரை விட்டுவிட்டு ஒரே ஊரில் தங்குங்கள். காரும் கட்டாயமில்லை, விண்டர்மியரிலிருந்து கெஸிக்குக்கு 555 பஸ் ஓடுகிறது. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பச்சையில் விட்டு விட்டுப் போட்ட கோடுகள்தான் பொதுப்பாதைகள். காலையில் ரொட்டியைத் தின்றுகொண்டே இருவரும் அதில் விரல் வைத்துச் சண்டை போடலாம்.