சூளைகளைப் பற்றி ஒரே வரிதானா?

யார்க்‌ஷயரின் ரோஸ்டேல் அபி என்ற இங்கிலாந்துக் கிராமத்தைப் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் மலைமேல் ஓடிய ரயிலைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, அந்தக் கல் சூளைகளை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! 1861-ல் அங்கே தண்டவாளம் போட்டதே இரும்புக்கல்லுக்காகத்தான். தோண்டிய கல்லை அப்படியே அனுப்பினால் அதிலுள்ள ஈரத்துக்கும் சேர்த்துச் சரக்குக் கூலி கட்ட வேண்டும், அதனால் நிலக்கரியோடு சேர்த்துச் சூளையில் வறுத்து, நீரும் கரியமில வாயுவும் போய் எடை குறைந்த பிறகே வண்டியில் ஏற்றினார்கள். இன்று வரிசையாக நிற்கும் வளைவுகளின் வழியாகத்தான் வறுத்த கல்லைக் கீழே எடுத்தார்கள்.

அப்புறம் இங்கிள்பி சரிவு, அந்த ரயில் மலையிலிருந்து கீழே இறங்கிய பாதை. முக்கால் மைலுக்குச் சற்று அதிக நீளம், மிகச் செங்குத்தான இடத்தில் ஐந்தடிக்கு ஓரடி இறங்கும். எஞ்சின் இழுக்கவில்லை. பாரம் ஏற்றிய வண்டிகள் இறங்கும் வேகத்திலேயே காலி வண்டிகள் கம்பிவடத்தில் மேலே வந்துவிடும். என்ன மூளை பாருங்கள்!

1926-ல் சுரங்கங்கள் மூடியும் ரயில் 1929 வரை ஓடியதே, எதற்கு என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். சூளையடியில் பல வருடங்களாகக் குப்பை என்று கொட்டி வைத்திருந்த வறுத்த தூளிலும் இரும்பு இருந்தது, கடைசியில் அதை அள்ளி விற்றார்கள்.

சுரங்கத்தின் பெரிய புகைபோக்கியை 1972-ல் இடித்துவிட்டார்கள். அதன் பெயரைத் தாங்கிய சிம்னி பேங்க் என்ற செங்குத்துச் சாலை மட்டும் இருக்கிறது, பிரேக் சரியில்லாத வண்டியோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.