அப்பச்சி பெட்டியில் இருந்த மணலிப் பங்கு

போன மாதம் தேவகோட்டை வீட்டில் இரண்டாங்கட்டு அறையை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தபோது அப்பச்சியின் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மரப்பெட்டிக்குள் ஒரு காக்கி உறை கிடைத்தது. உள்ளே நூறு பங்குக்கான பத்திரம். குண்டூசி குத்திய இடத்தில் துருப்பிடித்திருந்தது. தலைப்பில் ‘மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட்’ என்று அச்சு. 1994ல் அந்தக் கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு கொடுத்தபோது வாங்கியிருக்கிறார். உறையின் பின்பக்கம் ஒவ்வொரு வருடமும் லாபத்தில் பங்காக வந்த டிவிடெண்டைப் பென்சிலில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். அவர் காலமான வருடத்தோடு அந்த வரிசை நின்றுவிட்டது.

இப்போது அந்தக் கம்பெனிக்குப் பெயர் சென்னை பெட்ரோலியம், சுருக்கமாக சிபிசிஎல். வடசென்னையில் மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கிற அரசு கம்பெனி. சித்தப்பா மகன் பார்த்ததும் சொன்னான் (அக்காவை நாங்கள் ஆச்சி என்போம்): “ஆச்சி, டீமேட் ஆக்கின கையோட வித்துருங்க. கவர்மென்ட் கம்பெனியை நம்பி உக்காந்திருக்க முடியாது.” டீமேட் என்றால் காகிதப் பத்திரத்தை மின்னணுக் கணக்குக்கு மாற்றுவது.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் ‘சர்க்கார் எடுத்துக்கிட்டான்’ என்ற சொல்லுக்கு எண்பது வருட வலி இருக்கிறது. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூன் மொகல் தெருவில் ஒரு மார்க்காவில் (வட்டிக்கடையில்) அடுத்தாளாக, ஏஜெண்டுக்கு உதவியாளாக இருந்தவர். ஆற்றுக்கு அக்கரையில் சிரியம். அங்கே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் ஆலை. இரவில் அதன் வெளிச்சம் தண்ணீரில் ஆடுவதைப் பற்றி ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் கைக்குப் போய்விடக் கூடாது என்று வெள்ளைக்காரர்களே அந்த ஆலையை அழித்தார்கள். அதற்குள் ஐயா மணிப்பூர்ப் பாதையில் நடக்க ஆரம்பித்திருந்தார். போர் முடிந்து மறுபடி கட்டிய ஆலையை 1963ல் நெ வின்னின் ராணுவ அரசு எடுத்துக்கொண்டது. நம் நகரத்தார் கையிலிருந்த நெல் வயல்களைப் பிடுங்க 1948லேயே சட்டம் வந்துவிட்டது. பேங்குகள் 1963ல் போயின, கடைகள் 1964ல். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் அரசு கம்பெனி என்றால் முகம் சுளிப்பது இயல்புதான்.

ஆனால் அதே வீட்டில் பிறந்த அப்பச்சிதான் இந்தப் பங்கை வாங்கினார். “இது எங்கேயும் போகாது, நம்ம ஊர்லதான் நிக்கும்” என்று ஆத்தாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மணலி ஆலையின் கதை பர்மாக் கதைக்கு நேர் எதிர். யாரிடமிருந்தும் பிடுங்கியது இல்லை. 1965 கடைசியில் மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்தார்கள்: இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய் கம்பெனிக்கு 13. நமக்கு நன்றாகத் தெரிந்த கூட்டு வியாபாரம்தான். தொழில்நுட்பம் ஒருவன், கச்சா எண்ணெய் ஒருவன், இடமும் முதலும் நாம். 43 கோடி ரூபாய் செலவில் 1969ல் ஓடத் தொடங்கியது, வருடத்துக்கு 25 லட்சம் டன். 1985ல் அமெரிக்கர்கள் பங்கை விற்றுவிட்டுப் போனார்கள். ஈரான் இன்றும் பங்குதாரர். 2001ல் இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம் ஆனது. இப்போது கொள்ளளவு ஒரு கோடியே ஐந்து லட்சம் டன்.

நம்மில் பலருக்கு ரிஃபைனரி என்றால் பெட்ரோல், டீசல், அதோடு சரி. கப்பலில் வரும் கச்சா எண்ணெய் சென்னைத் துறைமுகத்திலிருந்து குழாயில் மணலிக்குப் போகிறது. முதலில் அதிலிருக்கும் உப்பையும் தண்ணீரையும் பிரிக்கிறார்கள். அப்புறம் உலையில் 350 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். லேசானது மேலே ஏறும், கனமானது அடியில் தங்கும். உச்சியில் சமையல் கேஸ், அதற்குக் கீழே பெட்ரோலுக்கு மூலமான நாப்தா, அப்புறம் நாம் கிருஷ்ணாயில் என்று சொல்லும் மண்ணெண்ணெய், அதற்கடுத்து டீசல். அடியில் நின்றதை வெற்றிடக் கோபுரத்தில் மறுபடி காய்ச்சினால் இன்ஜின் ஆயிலுக்கான மூல எண்ணெய், மெழுகு, கடைசியில் ரோட்டுக்குத் தார். தீக்குச்சியைத் தோய்க்கிற மெழுகு இந்த வகைதான். துணி சோப்புத் தூளுக்கு வேண்டிய மூலப்பொருளும் அங்கிருந்து போகும் மண்ணெண்ணெயிலிருந்துதான் வருகிறது. அதைச் செய்கிற பக்கத்து ஆலை, நம் செட்டிநாட்டு அரண்மனைப் பிள்ளை எம்.ஏ. சிதம்பரத்தின் ஸ்பிக் நிறுவனமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. ஆக, அந்த அரண்மனை இருக்கும் கானாடுகாத்தானுக்கும் மணலிக்கும் ஒரு கோடு ஏற்கெனவே இருக்கிறது.

சரி, விற்கச் சொன்ன தம்பிக்காகப் பணக் கணக்குக்கு வருகிறேன். 2019-20ல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது அதிக விலைக்கு வாங்கி வைத்த சரக்கு கையைச் சுட்டது. அந்த வருடம் 2,000 கோடிக்கு மேல் நஷ்டம். டிவிடெண்ட் ஒரு பைசா இல்லை. 2022-23ல் 3,500 கோடிக்கு மேல் லாபம், பங்குக்கு 27 ரூபாய். அடுத்த வருடம் 55 ரூபாய். அப்பச்சியின் நூறு பங்குக்கு 5,500 ரூபாய். இந்த ஏற்ற இறக்கத்துக்கும் அரசு நடத்துகிறதா, தனியார் நடத்துகிறாரா என்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி விரிந்தால் லாபம், சுருங்கினால் நஷ்டம். ரிஃபைனரித் தொழிலின் குணமே அதுதான்.

என்னை இந்தப் பங்கோடு கட்டிப்போட்டது பணம் இல்லை, தண்ணீர்.

ரிஃபைனரிக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், நீராவிக்கும் குளிரூட்டவும். சென்னையோ தண்ணீருக்குத் தவிக்கும் ஊர். இந்த ஆலை 1991 முதல் கொடுங்கையூரிலிருந்து நகரத்தின் கழிவுநீரை வாங்கி, மேலும் சுத்தப்படுத்தி, சவ்வூடு செலுத்தி ஆலைக்குப் பயன்படுத்திவருகிறது. நாட்டில் பலர் யோசிக்காத காலத்தில் தொடங்கியது. அப்புறம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீர்ப் பதத்துக்கு மாற்றும் சொந்த ஆலை ஒன்றும் வந்தது. நாள் ஒன்றுக்கு 2.6 கோடி லிட்டர். ஜனங்கள் குடத்தோடு லாரிக்கு நிற்கிற ஊரில் அவ்வளவு நல்ல தண்ணீரை விட்டுக்கொடுத்தது சின்ன விஷயமா?

மழை பெய்தால் எங்கள் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், நான்கு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் தகரத் தாழ்வாரம் வழியாக மூலைக்கு வரும். ஆத்தா முதல் பத்து நிமிடத் தண்ணீரை முற்றத்தில் ஓட விட்டுவிட்டு, அதன் பிறகுதான் பித்தளை அண்டாவை நகர்த்தி வைப்பார். மிச்சம் தெருவில் ஓடி ஊருணிக்குச் சேரும். குடிநீர் ஊருணியில் யாரும் கால் நனைக்கக் கூடாது. அதற்கென்று ஒரு காவலாள் இருந்தார். செம்மண் பூமியில் அப்படித்தான் பிழைத்தோம். அதனால்தான் கழிவுநீரைக் காசு கொடுத்து வாங்கிய ஆலையின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அந்த மரியாதையோடுதான் 2023 டிசம்பரை என்னால் மறக்க முடியவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. மீனவர்கள் கையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளியதைப் பார்த்தோம். கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து நின்றன. படகுகளின் வயிற்றில் தார் மாதிரி ஒட்டியிருந்தது. சிபிசிஎல் வளாகத்திலிருந்து வெள்ளநீரோடு வெளியேறியது என்று அரசு அதிகாரிகள் சொன்னார்கள். குழாய்க் கசிவு எதுவும் இல்லை என்று நிறுவனம் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. வாழ்வாதாரம் இழந்த குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

குழாய் உடைந்ததா, தரையில் தேங்கிய எண்ணெய் வெள்ளத்தோடு போனதா என்ற வித்தியாசம் வலை நாறிப்போன ஒருவருக்கு எதற்கு? ஊருணியில் அழுக்குத் துணியை அலசியவன், “நான் அலசவில்லை, காற்றில் விழுந்துவிட்டது” என்றால் எங்கள் ஊரில் யாரும் ஒப்ப மாட்டார்கள். அதிலும் அந்த 55 ரூபாய் டிவிடெண்ட் இதே 2023-24 வருடத்துக்குத்தான். இந்தப் பங்குக்குச் சேர வேண்டிய பணத்துக்கும் எண்ணூரில் வலை வீச முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நடுவில் நான் ஒரு கோடு போடாமல் இருக்க முடியவில்லை.

இதே கம்பெனிக்கு ஒரு நாகப்பட்டினத்துக் கதையும் இருக்கிறது. பனங்குடியில் 1993ல் தொடங்கிய சின்ன ஆலை, புதிய எரிபொருள் விதி வந்ததும் நின்றுபோனது. அதே இடத்தில் வருடத்துக்கு 90 லட்சம் டன்னுக்குப் பெரிய ஆலை கட்டுவதாக 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நிலம் கொடுத்தவர்கள் மறுவாழ்வுத் தொகைக்காகப் போராடினார்கள். அதை எழுத இன்னொரு பதிவு வேண்டும்.

தம்பி சொன்னபடி விற்றால் என்ன ஆகும்? பங்கு வேறு கைக்குப் போகும், ஆலை அங்கேயே நிற்கும். கேள்வி கேட்கக் கூடிய ஒரு ஆள் குறைவார், அவ்வளவுதான். தனியார் கைக்கே மொத்தமாகப் போனாலும் எண்ணூர்க்காரருக்கு எந்த நன்மையும் இல்லை. அரசு கம்பெனி என்றால் நாடாளுமன்றத்தில் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், தணிக்கை அதிகாரி கேட்பார். இந்தக் கதவுகளை அடைத்துவிட்டு என்ன சாதிக்கப் போகிறோம்? பர்மாவில் நம்மிடமிருந்து பிடுங்கிய அரசை நம்மால் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. இங்கே முடியும்.

அதனால் பங்கை விற்கவில்லை. டீமேட் ஆக்குவதற்கு வாரிசுச் சான்று, கையெழுத்துச் சான்று என்று மூன்று முறை தாள்களைத் திருப்பி அனுப்பினார்கள், நானும் விடவில்லை. நம் பக்கத்து வீடுகளில் இந்த மாதிரி பழைய பத்திரங்கள் எத்தனை பெட்டியில் கிடக்கின்றனவோ! எடுத்துப் பாருங்கள். ஆண்டறிக்கை வந்தால் டிவிடெண்ட் பக்கத்தோடு மூடிவிடாதீர்கள், சுற்றுச்சூழல் பக்கத்தையும் படியுங்கள்.

ஆண்டுக் கூட்டத்தில் இப்போது வீட்டிலிருந்தே வீடியோவில் கலந்துகொள்ளலாம். பேசுவதற்குப் பெயர் கொடுக்கப் போகிறேன். இரண்டு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். மழைநீர் வடிகாலும் எண்ணெய்க் கழிவு வடிகாலும் வளாகத்துக்குள் எங்கெங்கே சந்திக்கின்றன, 2023க்குப் பிறகு அதில் என்ன மாற்றினீர்கள்? அந்த மாதிரி மழை மறுபடி பெய்தால் கால்வாய்ப் பக்கம் எண்ணெய் போகாமல் தடுக்க எத்தனை மணி நேரத்துக்கு உங்களிடம் ஏற்பாடு இருக்கிறது? பேச மூன்று நிமிடம்தான் கொடுப்பார்களாம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆத்தா முன்னால் படித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி வருகிறது.