ஆம்பூலின் விலை வேறு, ஊசியின் விலை வேறு

பிரசவத்துக்குப் பின் வரும் அதிக இரத்தப்போக்கைத் தடுக்க எந்த மருந்து சிக்கனமானது என்று கேட்டால், ஆம்பூலின், அதாவது ஊசி மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியின், விலையைப் பார்த்து ஆக்சிடோசின் என்று சொல்லிவிடுகிறோம். பதில் தவறல்ல, ஆனால் அதில் குளிர்பதனப் பெட்டியும் மின்வெட்டும் கணக்கில் வரவில்லை.

குழந்தை பிறந்ததும் கருப்பை இறுகச் சுருங்கினால்தான், நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்திருக்கும் இரத்தக் குழாய்கள் நெருக்கப்பட்டு இரத்தம் நிற்கும். அதற்காகத்தான் 10 யூனிட் ஆக்சிடோசின் போடுகிறார்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டிய இம்மருந்து வெப்பத்தில் வீரியம் இழக்கும். வீரியம் இழந்த ஆம்பூலும் பார்வைக்கு நல்ல ஆம்பூலைப் போலவே தெளிவாக இருக்கும். செவிலியர் உரிய நேரத்தில் முறையாகப் போட்ட ஊசி பலிக்காமல் போனால், இரத்தம் ஏற்றுவதில் தொடங்கி, பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ், கருப்பையையே அகற்றும் அறுவை சிகிச்சை வரை நீளும் செலவை, கொள்முதல் பட்டியலில் எவரும் அந்த மருந்தின் பெயருக்கு நேரே எழுதுவதில்லை.

அதே வேலையைச் செய்யும், வெப்பம் தாங்கும் கார்பெடோசின் என்ற ஊசி மருந்து இந்த இடத்தில்தான் வருகிறது. 30 டிகிரியில் மூன்று ஆண்டு கெடாது. இந்தியா உட்படப் பத்து நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், 500 மில்லிக்கு மேல் இரத்தம் இழந்தவர்கள் அல்லது கூடுதல் மருந்து தேவைப்பட்டவர்கள் கார்பெடோசின் குழுவில் 14.5 சதவீதம், ஆக்சிடோசின் குழுவில் 14.4 சதவீதம். இதைப் புது மருந்தின் வெற்றியாகப் படிப்பவர்கள், அங்கே ஒப்பிடப்பட்டது குளிரில் ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்ட ஆக்சிடோசின் என்பதை மறந்துவிடுகிறார்கள். பெட்டி ஒழுங்காக ஓடும் இடத்தில் கூடுதல் பணம் கொடுத்துப் பெறுவதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதே நிறுவனம் அதே ஆண்டு கார்பெடோசினுக்குத் தந்த பரிந்துரையிலும், மற்ற மருந்துகளோடு ஒப்பிடத்தக்க விலையில் கிடைத்தால் மட்டுமே என்ற நிபந்தனை இருக்கிறது. வறிய, நடுத்தர வருமான நாடுகளின் அரசுத் துறைக்கு ஆம்பூலுக்குச் சுமார் 0.31 டாலர் என்ற சலுகை விலை பேசப்பட்டது. தனியார் மருந்துக் கடைக்கு அது பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு, செலவுக் கணக்குப் போடுபவர்கள் பலமுறை தவறவிடுவது இதைத்தான். கார்பெடோசின் தடுப்புக்கு மட்டுமே உரியது. பிரசவ வலியைத் தூண்டவும், தொடங்கிவிட்ட இரத்தப்போக்கை நிறுத்தவும் ஆக்சிடோசின் இருந்தே ஆகவேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் கார்பெடோசினைக் குழந்தை பிறக்கும் முன் தவறிப் போட்டால் ஆபத்து. ஆகவே புது மருந்து வந்தாலும் குளிர்பதனப் பெட்டியின் செலவு குறையப் போவதில்லை.

ஊசியே போட வழியில்லாத இடத்தில் கருப்பையைச் சுருக்கும் மிசோபிரோஸ்டால் மாத்திரைக்கு இணையில்லை. கர்நாடகத்தின் பெல்காமில் வீடுகளிலும் துணை சுகாதார நிலையங்களிலும் நடந்த பிரசவங்களில் கிராம செவிலியர்கள் அதைக் கொடுத்தபோது, அதிக இரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. பதினெட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு இரத்தப்போக்கு தவிர்க்கப்பட்டது. நடுக்கமும் காய்ச்சலும் வரும் என்பது மெய்தான். அவை தானாகவே அடங்கிவிடும்.

ஆக்சிடோசின் விலை மலிவாக இருந்தாலும் சரக்கு வரவேண்டுமே. பால் சுரக்க வைக்க மாடுகளுக்குத் தவறாகப் பயன்படுகிறது என்று சொல்லி, 2018இல் அதன் தயாரிப்பை ஒரே பொதுத்துறை நிறுவனத்திடம் ஒப்படைக்க மத்திய அரசு முயன்றது. அவ்வாண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நல்லதாயிற்று.

ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் தமிழ்நாட்டில், புது மருந்துக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் பிரசவ அறைப் பெட்டியின் வெப்பமானிக்கும், தினம் இருவேளை அதைப் பார்த்துக் குறித்துவைக்கும் ஆளுக்கும் செலவிடச் சொல்வேன்.