தண்ணீர் வரும் நாளுக்கு முந்தைய அரைமணி நேரம்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. காய்ச்சல் வராமல் இருக்க என்ன குடிக்கலாம், எதைக் கொதிக்க வைக்கலாம் என்று நண்பர்கள் பகிரும் குறிப்புகளை ஒரு வாரமாகப் பார்த்து வருகிறேன். அவற்றைக் குறை சொல்ல இந்தப் பதிவை எழுதவில்லை; நிலவேம்புக் குடிநீரை எங்கள் வீட்டிலும் குடிக்கிறோம். ஆனால் டெங்கு நம் வீட்டுக்குள் வராமலிருக்க ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லச் சொன்னால், வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் டிரம்மின் உட்சுவரைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். இந்த வித்தியாசம் எனக்குப் புரிவதற்கு எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருத்தி ஆறு நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்க வேண்டியிருந்தது.

2017 அக்டோபர். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 23,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு உறுதியானது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் அக்கா மகளுக்கு அப்போது 11 வயது. நான்கு நாள் கடுமையான காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு வலி. ஐந்தாம் நாள் காலையில் உடம்பு சட்டென்று குளிர்ந்தது. கண்டம் தாண்டிவிட்டது என்று அம்மா குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்துவிட்டு, ரசஞ்சோறு கரைத்துக் கொடுத்தார். மதியத்துக்குள் பிள்ளை மூன்று முறை வாந்தி எடுத்தாள்; வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். அக்கா அவளுடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டேய் தம்பி, காலு ரெண்டும் ஐஸ் மாதிரி இருக்குடா" என்றாள். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம் என்பதை அன்று மாலை ஆஸ்பத்திரியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அதை ஒட்டிய ஒன்றிரண்டு நாட்களில் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறி, இரத்த அழுத்தம் விழுந்துவிடுகிறது. ஓயாத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, பிள்ளை சோர்ந்து கண் செருகுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு வலிக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் இரத்தக் கசிவை அதிகமாக்கும். டெங்கு என்ற சந்தேகம் இருந்தாலே பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைத் தொடக்கூடாது. நாங்கள் அந்தத் தவற்றையும் இரண்டு வேளை செய்திருந்தோம். பிள்ளை பிழைத்து வந்தாள்.

அவள் வீடு திரும்பிய மறுநாள் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா, தோளில் பை, கையில் டார்ச். அதற்கு முன்னால் இரண்டு முறை வந்தவர்தான். இரண்டு முறையும் வாசலிலேயே நிறுத்தி, "எல்லாம் மூடித்தாம்மா வச்சிருக்கோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தோம். இந்த முறை கொல்லைப்புறம் வரைக்கும் அழைத்துப் போனேன். அவர் நீல நிற டிரம்மின் மூடியைத் தூக்கி, டார்ச்சைச் சாய்த்து அடித்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "கொஞ்சம் பொறுங்க தம்பி, வெளிச்சம் பட்டா கீழ ஓடும், பிறகு மூச்சு வாங்க மேல வரும்" என்றார். அரை நிமிடம் ஆகியிருக்கும். அடியிலிருந்து நூலிழை போல நெளிந்து நெளிந்து ஒன்று மேலே வந்து, தலைகீழாகத் தொங்கி, வாலை மட்டும் நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. பின்னாலேயே இருபது முப்பது வந்தன. நாங்கள் சோறு பொங்கிய தண்ணீர் அது.

பிறகு அவர் செய்ததுதான் முக்கியமானது. தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே, டிரம்மின் சுவரில் விரலை அழுத்தி இழுத்துக் காட்டினார். விரல் நுனியில் பொடித்த மிளகுத் தூள் போலக் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அவ்வளவும் முட்டை. ஏடிஸ் எஜிப்டை என்ற கொசு தன் முட்டைகளைத் தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரம் படிந்த சுவரில் ஒட்டி வைக்கிறது; ஒரு தடவைக்கு ஏறத்தாழ நூறு. தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு டிரம்மை வெயிலில் காய வைத்தாலும் அவை சாவதில்லை. மாதக்கணக்கில் அப்படியே உலர்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறியதும் பொரிகின்றன. பங்குனியில் ஒட்டிய முட்டை ஐப்பசி மழையில் உயிர்பெறலாம். பதினைந்து ஆண்டுகளாக நாங்கள் டிரம்மைக் கவிழ்த்து, இரண்டு சொம்பு தண்ணீர் விட்டு அலசி, சுத்தம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். சுவரை ஒரு நாளும் தேய்த்ததில்லை.

வாரம் ஒரு முறை என்ற கணக்கும் இதிலிருந்துதான் வருகிறது. முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். ஏழு நாளுக்குள் ஒரு முறை தேய்த்துக் கழுவினால் எந்த முட்டையும் கொசுவாக முடியாது. பறந்த பிறகும் இந்தக் கொசு தூரம் போவதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே தன் வாழ்நாளை முடித்துக்கொள்கிறது. அப்படியானால் என் அக்கா மகளைக் கடித்தது சாக்கடையிலிருந்தோ ஊருக்கு வெளியே உள்ள குப்பைமேட்டிலிருந்தோ வந்த கொசுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எங்கள் கொல்லையில் பிறந்திருக்கலாம், அல்லது அடுத்த வீட்டில். இந்த உண்மையை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. தெருமுனைச் சாக்கடையைக் காட்டி நிர்வாகத்தைத் திட்டுவது எளிதாக இருந்தது. சாக்கடை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை; ஆனால் அங்கே பெருகுவது வேறு கொசு. டெங்குக் கொசுவுக்கு வேண்டியது நாம் பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கும் தெளிந்த தண்ணீர்.

புகை மருந்து வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். அந்தப் புகை அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்லும். மூடிய அறைக்குள் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்கு இடையிலும் ஒளிந்திருப்பதைப் பெரும்பாலும் எட்டாது. முட்டையையும் புழுவையும் அது ஒன்றும் செய்யாது. வண்டி போன மறுநாளே டிரம்மிலிருந்து புதுக் கொசு கிளம்பும்.

இந்த எளிய வேலையால் ஒரு பெரிய நகரமே நோயிலிருந்து மீண்ட கதை ஒன்று உண்டு. கியூபாவின் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் தலைமுறை தலைமுறையாக மக்களைக் கொன்றுவந்தது. அதைப் பரப்புவது இந்த ஏடிஸ் கொசுதான் என்று அந்த ஊர் மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இலேயே சொன்னார். இருபது ஆண்டுகள் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. 1900இல் வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க இராணுவ மருத்துவர்கள் சோதித்து அதை மெய்ப்பித்தார்கள். 1901இல் வில்லியம் கோர்காஸ் என்ற அதிகாரி வீடு வீடாக ஆட்களை அனுப்பினார். தண்ணீர்ப் பீப்பாய்களை மூடச் செய்தார்கள், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினார்கள், புழு இருந்த வீட்டுக்காரருக்கு அபராதம் போட்டார்கள். தடுப்பூசியும் மருந்தும் இல்லாத அந்தக் காலத்தில், அந்த ஓர் ஆண்டுக்குள் ஹவானாவிலிருந்து மஞ்சள் காய்ச்சல் ஒழிந்தது. அதே கொசு, அதே பீப்பாய். நூற்றிருபது ஆண்டுகள் கழித்தும் நாம் மூடியைத் தூக்கிப் பார்க்கச் சோம்பல்படுகிறோம் என்பது என்னை உறுத்துகிறது.

சோம்பல் என்று எழுதிவிட்டேன். அது முழு நியாயமில்லை. எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. குழாயில் தண்ணீர் எட்டு நாளுக்கு ஒரு முறை வரும், கோடையில் பன்னிரண்டு நாளும் ஆகும். இப்படிப்பட்ட ஊரில், வாரம் ஒரு நாள் பாத்திரங்களைக் கவிழ்த்துக் காயவிடுங்கள் என்று சுவரொட்டி ஒட்டினால், இரவு இரண்டு மணிக்கு எழுந்து குடம் குடமாகப் பிடித்து வைத்த பெண்களுக்குக் கோபம்தான் வரும். தண்ணீரைச் சேமிக்க வைத்த பற்றாக்குறைதான் கொசுவையும் வளர்க்கிறது. 2012இல் கடையநல்லூரும் சுற்றுவட்டாரமும் டெங்குவில் தவித்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே குடிநீரை ஒழுங்காகக் கொடுப்பதும் நோய்த்தடுப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்; அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அது வரும்வரை டிரம் நம் கொல்லையில்தான் நிற்கிறது.

ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வீணாக்காமல் இதை எப்படிச் செய்வது என்று அந்தப் பணியாளர் அம்மாவே எங்களுக்குக் காட்டிக்கொடுத்தார். தண்ணீர் வரப்போகும் நாளில் டிரம்மில் அடிமட்டத் தண்ணீர்தான் இருக்கும். அதை வாளியில் எடுத்து வைத்துவிட்டு, சுவர் முழுவதையும், குறிப்பாக மேல் விளிம்புக்குக் கீழே உள்ள வளையத்தையும் மூடியின் உட்புறத்தையும், தேங்காய் நாரும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்க்க வேண்டும். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த தரையில் ஊற்ற வேண்டும். பிறகு புதுத் தண்ணீர் பிடித்து, பழைய வேட்டியை இரண்டாக மடித்து வாயில் போட்டுக் கயிற்றால் இறுகக் கட்டி, அதன்மேல் மூடியை வைக்க வேண்டும். டிரம்மோடு வந்த மூடி வெயிலில் வளைந்துபோய் எப்போதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், கொசு நுழைய அந்த இடைவெளி தாராளம். தண்ணீர் வர ஏழு நாளுக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால், இடையில் ஒரு நாள் தண்ணீரைத் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சுவரைத் தேய்த்துவிட்டு, மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். துணியில் நிற்கும் புழுக்களை மண்ணில் உதறினால் செத்துவிடும். எனக்கு ஒரு டிரம்முக்குப் பத்து நிமிடம் ஆகிறது. மூன்று டிரம்முக்கு அரைமணி.

டிரம்மைத் தவிர, எங்கள் வீட்டில் நாங்கள் புழு கண்ட இடங்கள்: பிரிட்ஜின் பின்னால் நீர் சொட்டும் தட்டு, மணிபிளான்ட் வைத்த பாட்டில், பயன்படுத்தாமல் கிடந்த ஆட்டுக்கல்லின் குழி. மொட்டைமாடியில் கிடந்த ஒற்றை டயரைத் தூக்கியபோது உள்ளே நின்ற ஒரு டம்ளர் தண்ணீரில் எண்ண முடியாத அளவுக்குப் புழு. குழியில் மண்ணை நிரப்பினோம், டயரைக் கொடுத்துவிட்டோம். கொசுப்புழுவைக் கொல்லத் தண்ணீரில் ஊற்றும் அபேட் மருந்தைக் கண்டு பலர் பயந்து, பணியாளர் போனதும் டிரம்மையே கவிழ்த்துவிடுகிறார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மிகாத அளவில் குடிநீரிலேயே அதைச் சேர்க்க உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிறது. மருந்து ஊற்றிய தண்ணீரைக் கவிழ்த்தால் மருந்தும் போயிற்று, தண்ணீரும் போயிற்று.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், பகலிலும் அவரைக் கொசுவலைக்குள் படுக்க வைக்க வேண்டும் என்பதையும் பலர் அறிவதில்லை. இந்தக் கொசு பகலில் கடிப்பது, காலையிலும் மாலை மங்குவதற்கு முன்பும் அதிகம். நோயாளியைக் கடித்த கொசு ஒன்றிரண்டு வாரத்தில் கிருமியைப் பரப்பத் தொடங்கி, சாகும்வரை பரப்பும். டெங்குக் கிருமியில் நான்கு வகை இருப்பதால், ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வராது என்பதும் இல்லை. இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. என் அக்கா மகளைப் பொறுத்தவரை எங்களுக்கு உள்ள அச்சம் இதுதான். அவள் வரும் நாளெல்லாம் நான் டார்ச்சோடு கொல்லையைச் சுற்றி வருகிறேன்.

இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது பூட்டிய வீடுகளின் பிரச்சினை. எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். அந்த வீட்டு மாடிகளில் மூடியில்லாத சிமென்ட் தொட்டிகள் இருக்கின்றன; மழை பெய்தால் நிறையும். இரண்டு பேரிடம் போனில் பேசினேன். ஒருவர் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கச் சம்மதித்தார். போன ஞாயிற்றுக்கிழமை நானும் இன்னும் இரண்டு பேரும் ஏறி, தொட்டியை வடித்து, தேய்த்து, தகரம் போட்டு மூடினோம். இன்னொருவர் தீபாவளிக்கு வரும்போது பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்றாமவரின் எண் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. உங்கள் ஊர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடு உங்களுடையதாக இருந்தால், இந்த வாரமே ஊரில் இருக்கும் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, மாடிக்கு ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.