கண்காட்சிக்கு ராயபுரத்திலும் இடம் இருக்கு

லண்டனில் ஒரு சின்ன பப், ஓவியக் கண்காட்சி, பாட்டு, புதுப்புது ஏல் (ஒரு வகை பீர்) வகைகள் என்று நடத்துவதைப் பற்றிய கட்டுரை அருமை. ஒரு விஷயம் சேர்த்திருக்கலாம். அங்கே பீப்பாயில் வரும் ஏல் நம்ம ஊர் பாட்டில் பீர் மாதிரி கிடையாது. ஈஸ்ட் உயிரோடு இருக்கும், பீப்பாய்க்குள்ளேயே மறுபடி நொதிக்கும். 11 முதல் 13 டிகிரியில்தான் ஊற்றுவார்கள், பல் கூசும் ஜில்லிப்பு இருக்காது. திறந்த பீப்பாயை மூணு நாளைக்குள் காலி பண்ணணும், இல்லாவிட்டால் சுவை கெட்டுடும். கூட்டம் வந்துகிட்டே இருந்தால்தான் கடை நிற்கும். கண்காட்சி நடத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் ராயபுரம். 2003 முதல் இங்கே சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். எங்க தெரு பக்கத்து பாரில் ஈரத் தரை, நின்னபடியே குடிச்சிட்டுப் போகிற ஆட்கள். குடும்பத்தோட அங்கே போய் யார் ஓவியம் பார்ப்பாங்க? எனக்குப் பாரே வேண்டாம், டீக்கடை போதும். காசிமேட்டில் படகுக்குப் பெயர் எழுதும் பெயின்டர்களைப் பாருங்க, வளைந்த பலகையிலும் கோடு பிசகாது. கானா பாடுறவங்களுக்கும் பஞ்சமில்லை. 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய கட்டடத்தில், மாதம் ஒரு ஞாயிறு இவங்களுக்கு இடம் கேட்டு ரயில்வேக்கு மனு போடலாம். கையெழுத்து வாங்க நான் வீடு வீடா வரேன்.